தண்ணீருக்குள் வீட்டு வேலை

என் கணவர் இறந்த அன்று வீட்டுக்கு வந்தவர்களில் ஒரு கூட்டத்தை எனக்கு யாரென்றே தெரியவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும். வெளியே மழை இல்லை, ஆனால் எல்லாருடைய தலையும் ஈரமாக இருந்தது. உள்ளே வந்து வரிசையாக நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சொல்லி வைத்தாற்போல ஒன்றாக அழுதார்கள். அவர்களில் ஒரு பெண், என்னைவிட ஏழெட்டு வயது இளையவள், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நான் அதுவரை அழவில்லை. தொண்டை வரை வந்திருந்த அழுகையும் அவளைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது. யார் இவள் என்பது மட்டும்தான் மனதில் நின்றது.

மகளை ஓரமாக இழுத்துக் கேட்டேன்.

"அப்பாவோட நீச்சல் குளத்து ஆளுங்கம்மா. தண்ணிக்குள்ள எக்ஸர்சைஸ் பண்ணுவாங்களே, அந்த கிளாஸ்."

"அந்தப் பொண்ணு?"

"மருந்துக்கடை வெச்சிருக்காங்களாம். கிளாஸ்ல அப்பா பக்கத்துலதான் நிப்பாங்களாம்."

பக்கத்தில் நிற்பாள். சரி.

போகும்போது அந்தக் கூட்டத்தில் மூத்தவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், என் முன்னால் வந்து கைகூப்பினார். "அண்ணன் இல்லாம இனிமே எங்களை யாரு சிரிக்க வைப்பாங்க, சொல்லுங்க" என்றார். இவர்கள் வீடு மாறி வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். என் கணவர் யாரையும் சிரிக்க வைத்து நான் பார்த்ததில்லை. அவர் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வருவதற்குள் கையிலிருக்கும் காபி ஆறிப்போகும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வாழ்நாளெல்லாம் லிஃப்ட்டுக்குக் கீழே இருக்கும் குழிகளில் மண்டியிட்டே வேலை பார்த்ததில் முழங்கால் இரண்டும் தேய்ந்து போயின. தண்ணீருக்குள் நின்று பயிற்சி செய்தால் மூட்டில் பாரம் இறங்காது என்று டாக்டர் சொன்னார். படுக்கையில் விழும்வரை நான்கு வருடம் விடாமல் போனார். காலையில் ஒரு பையோடு போவார், ஈரத் துண்டோடு வருவார். "எப்படி இருந்தது?" என்று கேட்டால், "ம். தண்ணி கொஞ்சம் சில்லுனு இருந்துச்சு" என்பார். சில நாள் அதுவும் கிடையாது. துண்டைக் காயப்போட்டுவிட்டுச் சமையலறை வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். நான் அச்சகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பேன். பாடப்புத்தகங்களில் பிழை திருத்துவது என் வேலை.

இப்படி என்னிடம் 'ம்' போட்ட மனிதர் வேறெங்கோ பத்துப் பேரைச் சிரிக்க வைத்திருக்கிறார். பக்கத்தில் ஒருத்தி நின்றிருக்கிறாள். நான் தப்பாக எதையும் நினைக்கவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். தப்பாக ஏதாவது இருந்திருந்தால் கோபப்பட்டுத் தீர்த்திருப்பேன். இது வேறு. என் வீட்டுக்கு மிச்சம் மீதி வந்தது, முழு மனிதர் அங்கே போனார் என்ற எண்ணம். அச்சகத்தில் ஒரு பக்கத்தைத் திருத்திக்கொண்டிருப்பேன். நடுவில் அந்தப் பெண் குலுங்கிய தோள் ஞாபகத்துக்கு வரும். படித்த பத்தியை மறுபடி முதலிலிருந்து படிப்பேன்.

சில மாதங்கள் கழித்து, அந்த வகுப்பில் சேரப்போகிறேன் என்று மகளிடம் போனில் சொன்னேன்.

"உனக்கா? உனக்குத் தண்ணின்னாலே பயமாச்சே."

"முழங்கால் வலிக்குது."

"எப்பலேர்ந்து?"

"இப்பலேர்ந்துதான்."

"சரிம்மா. வழுக்கி விழுந்து வைக்காத" என்றாள்.

என் முழங்காலுக்கு ஒரு குறையும் இல்லை. அவர் அங்கே என்னவாக இருந்தார், அதில் எனக்கு ஏதாவது பங்கு உண்டா என்று பார்க்கத்தான் போனேன். இல்லையென்றால் இல்லை என்று தெரிந்துகொண்டு வந்துவிடலாம் என்றிருந்தேன்.

உடை மாற்றும் அறையில் குளோரின் வாடையும் ஈரச் செருப்பு வாடையும் கலந்து அடித்தன. கையையும் காலையும் மூடும் நீச்சல் உடை ஒன்றைக் கடையில் வாங்கியிருந்தேன். அதற்குள் நுழைவதற்கே ஒரு வகுப்பு வைக்கலாம். பாதி வழியில் முதுகு ஜிப் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து அதைப் பிடித்தது.

"மூச்சை உள்ள இழுங்க அண்ணி."

மருந்துக்கடைக்காரி. இழுத்தேன். ஜிப் ஏறியது.

என்னை யாரும் அதுவரை அண்ணி என்று கூப்பிட்டதில்லை. அவர் ஒற்றைப் பிள்ளை. எனக்குக் கொழுந்தனும் இல்லை, நாத்தனாரும் இல்லை. அன்று காலை குளத்துக்குள் இறங்குவதற்குள் ஒரு டஜன் பேர் கிடைத்துவிட்டார்கள். "வாங்க அண்ணி", "மெதுவா அண்ணி", "கம்பியைப் பிடிச்சுக்கோங்க அண்ணி" என்று ஆளாளுக்கு ஒரு பக்கம். கூப்பிட்டது அன்பாகத்தான். ஆனால் ஒவ்வொரு 'அண்ணி'யும் எனக்கு ஒன்றைத்தான் சொன்னது: அவர் எங்களுக்கு முதலில் அண்ணன், அதனால்தான் நீ எங்களுக்கு உறவு.

தண்ணீர் நெஞ்சு வரை வந்தது. கால் தரையில் நிற்க மாட்டேன் என்றது. மருந்துக்கடைக்காரி என் முழங்கையைப் பிடித்து நடத்திப்போய் ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"இங்கதான் அண்ணன் நிப்பாரு. இந்த இடத்துல யாரையும் நிக்க விடல நாங்க."

நின்றேன். இங்கிருந்து அவர் எதைப் பார்த்திருப்பார் என்று பார்த்தேன். எதிரே நீலச் சுவர், ஒரு கடிகாரம். இடப்பக்கம் திரும்பினால் இவள் முகம். ரப்பர் தொப்பி போட்டால் எல்லார் முகமும் உரித்த முட்டை மாதிரி ஆகிவிடுகிறது. இவளுக்கு மட்டும் அது நன்றாக இருந்தது. மூக்கு எடுப்பான மூக்கு. எனக்கு எரிந்தது, மறைப்பானேன்.

கரையில் நின்ற டிரெய்னர் சின்னப் பெண். என் மகளைவிடச் சிறியவள். "புதுசா வந்தவங்களுக்காகச் சொல்றேன்" என்று என்னைப் பார்த்தாள். "தண்ணிக்குள்ள கால் என்ன பண்ணுதுன்னு யாருக்கும் தெரியாது ஆன்ட்டி. நான் பேரு சொல்வேன், எல்லாரும் அதைப் பண்ணணும். முன்னாடி பெரிய பெரிய பேரா இருந்துச்சு, யாருக்கும் மனசுல நிக்கல. அங்கிள்தான் ஸ்டெப்பும் காட்டி, பேரும் வெச்சாரு. இப்ப பேரைச் சொன்னாலே கால் தானா போகும்."

பாட்டைப் போட்டாள். "போர்வை!" என்று கத்தினாள்.

எல்லாரும் இரு கைகளையும் தண்ணீருக்குள் விட்டு, ஒன்றை உள்ளேயும் ஒன்றை வெளியேயுமாக முறுக்கி, இடுப்போடு சேர்ந்து திரும்பினார்கள். கனத்த போர்வையைப் பிழிவதுதான். நானும் செய்தேன். தண்ணீர் என்னை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு போனது. அவள் பிடித்து நிறுத்தினாள்.

"மேல்தட்டு!"

நுனிக்காலில் எழும்பி, ஒரு கையை நீட்டி, மறுகாலைப் பின்னால் தூக்கினார்கள். பன்னிரண்டு பேர் உயரமான அலமாரியில் ஒரே டப்பாவை எடுக்கப் பார்ப்பது போலிருந்தது.

"ஃப்ரிட்ஜ்!"

இரண்டு கையிலும் எதையோ ஏந்திக்கொண்டு, இடுப்பால் பக்கவாட்டில் ஓர் இடி. குளமே ஒரு பக்கம் ஏறி இறங்கியது. எல்லாரும் சிரித்தார்கள்.

"அண்ணி" என்றார் பஸ்காரர், மூச்சு வாங்கிக்கொண்டே. "வீட்டுல நீங்க கால்மேல கால் போட்டு உக்காந்திருப்பீங்க போல?"

"ஏன்?"

"பின்ன? துவைக்கிறது, அடுக்குறது, சமைக்கிறது எல்லாம் அண்ணன்தானே? செய்யாத மனுசனுக்கு இவ்ளோ சுத்தமா வருமா?"

"கொடுத்து வெச்சவங்க" என்றாள் மருந்துக்கடைக்காரி. "எங்க வீட்டு ஆளுகிட்ட சொன்னேன். ஒரு மனுசன் வேலைக்கும் போய், வீட்டுல போர்வையும் பிழியிறாரு, நீங்க குடிச்ச டம்ளரையாவது எடுத்து வைங்கன்னு. ரெண்டு நாள் வெச்சாரு."

நான் தண்ணீர் குடிக்காமல் தப்பித்தது பெரிய விஷயம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் பிழிந்த ஒரு போர்வையைக்கூட என்னால் காட்ட முடியாது. அலமாரியின் மேல்தட்டில் என்ன இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. அவர் செய்ததெல்லாம் அந்தச் சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்ததுதான்.

"அவரே சொன்னாரா, வீட்டு வேலையெல்லாம் நான்தான்னு?"

"வாயால சொல்லல" என்றாள் அவள். "ஒருநாள் கேட்டோம், 'வீட்டுல இதெல்லாம் நீங்கதானா அண்ணே'ன்னு. சிரிச்சாரு. எப்படிச் சிரிப்பாரு, உங்களுக்குத் தெரியுமே, தோள் ரெண்டும் குலுங்கும்."

எனக்குத் தெரியாது. தோள் குலுங்க அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த இடத்திலேயே கரையேறிப் போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் படி குளத்தின் அந்தக் கோடியில் இருந்தது. பிடித்து நடத்த அவள் கைதான் வேண்டும்.

"பஸ் போச்சு!" என்றாள் டிரெய்னர்.

எல்லாரும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடினார்கள். ஒரு கை மேலே ஆட்டியபடி. சட்டென்று நின்றார்கள். தூக்கிய கையை அப்படியே இறக்காமல், தலைமுடியைச் சரிசெய்வதுபோல் கொண்டுபோனார்கள், பஸ்ஸுக்காக ஆட்டவேயில்லை என்கிற மாதிரி.

எனக்கு ஏதோ உறுத்தியது. பிழை இருக்கும் வரியை, பிழை எதுவென்று தெரிவதற்கு முன்பே கண் பிடித்துவிடும். அப்படி.

"கண்ணாடி!"

இடக்கையால் முன்னால் தடவினார்கள். வலக்கையால் தடவினார்கள். குனிந்து தேடினார்கள். பிறகு ஒரு கை மெல்ல எழுந்து உச்சந்தலையைத் தொட்டது, அங்கேயே நின்றது. பன்னிரண்டு பேரும் கீழுதட்டை உள்ளே மடித்துக்கொண்டார்கள்.

நான் அசையவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடுவது நான். கிடைத்ததும் யாரும் பார்த்துவிட்டார்களா என்று உதட்டை மடித்துக்கொள்வது நான். அச்சகத்திலும் செய்வேன், வீட்டிலும் செய்வேன். யாரும் பார்த்ததில்லை என்று இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நெகிழ்ந்து போனேன் என்று எழுதினால் அது பொய். இவர்கள் என் பீரோவைத் திறந்து, என் துணிகளை எடுத்து ஆளுக்கொன்றாக உடுத்திக்கொண்டு வந்து நிற்பதைப் பார்ப்பது போலிருந்தது. அதிலும் பக்கத்தில் நிற்பவளுக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. அவள் உதட்டை மடித்தபோது இடது ஓரம் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போனது. எனக்கு அப்படித்தான் போகும். அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்து, அதை அவ்வளவு நுணுக்கமாக அவளுக்குக் காட்டியிருக்கிறார்.

"நின்னுட்டீங்களே அண்ணி. பாருங்க, கை தலைக்கு வந்ததும் உதட்டை மடிக்கணும்" என்று அவள் என் பக்கம் திரும்பி மெதுவாகச் செய்து காட்டினாள். "இல்ல, இல்ல, இப்படி. இந்தப் பக்கம் கொஞ்சம் ஜாஸ்தி. அண்ணன் அப்படித்தான் பண்ணுவாரு."

என் உதட்டை எப்படி மடிப்பதென்று எனக்கே சொல்லித் தருகிறாள்.

பேசாமல் இருந்திருக்கலாம். வீட்டில் போர்வை பிழிந்த அண்ணன் அவர்களிடம் அப்படியே இருந்திருப்பார். அவருக்கும் அது பெருமைதான். ஆனால் அன்று நான் பெருந்தன்மையோடு வந்தவள் இல்லை.

"அது நான்" என்றேன்.

"என்ன அண்ணி?"

"அது அவரில்ல. நான். கண்ணாடி தேடுறது நான். அவரு கண்ணாடியே போட்டதில்லையே, நீங்க யாரும் யோசிக்கலியா?"

குரல் உயர்ந்துவிட்டது போல. டிரெய்னர் பாட்டை நிறுத்தினாள். தண்ணீர் சுவரில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது.

மருந்துக்கடைக்காரி கையைத் தலையிலிருந்து எடுக்க மறந்து நின்றாள். "அப்போ... ஃப்ரிட்ஜ்?"

"நான்தான். ரெண்டு கையிலயும் பாத்திரம் இருக்கும், கதவை இடுப்பாலதான் சாத்துவேன்."

"மேல்தட்டு?"

"எனக்கு எட்டாது. அவருக்கு எட்டும். எடுத்துத் தந்ததில்ல."

"பஸ் போச்சு?"

"அச்சகத்துக்குப் போற பஸ். பாதி நாள் விட்டுடுவேன்." சொல்லும்போதே எனக்கு அது புரிந்தது. பஸ் நிறுத்தம் எங்கள் வீட்டு மாடி ஜன்னலிலிருந்துதான் தெரியும். நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, தேய்ந்த முழங்காலோடு மாடியேறி, அந்த ஜன்னலில் நின்றிருக்கிறார்.

பஸ்காரர்தான் முதலில் சிரித்தார். "அடப்பாவி அண்ணா!" என்று தண்ணீரை ஓங்கி அடித்தார். "நாலு வருசம் எங்களை ஏமாத்திட்டுப் போயிட்டியே! உன்னால எங்க வீட்டுல நான் பாத்திரம் கழுவுறேன்யா!"

குளம் முழுக்கச் சிரிப்பு. எனக்கும் வந்தது. கண்ணீரும் வந்தது, முகமெல்லாம் ஏற்கெனவே ஈரம் என்பதால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அவள் மட்டும் அரைச் சிரிப்போடு நின்றாள். "அப்போ நாலு வருசமா நாங்க உங்களைத்தான் ஆடிட்டு இருந்தோமா?"

"அப்படித்தான் தெரியுது."

"நான் முடி வெட்டி ஒரு மாசம் ஆச்சு அண்ணி. இடுப்பு வரைக்கும் இருந்த முடி. நேத்துதான் எங்க வீட்டு ஆளு கேட்டாரு, ஏதோ மாத்தின மாதிரி இருக்கேன்னு. கேட்டுட்டு சோஃபாவைப் பாத்தாரு."

சுற்றி இருந்தவர்கள் மறுபடி சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் வாய் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை அளந்தது. இவளிடம் அப்படி என்ன இருக்கிறது என்று தேடும் பார்வை. எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. அவர் போன நாளிலிருந்து நான் அதை அவளுக்காக வைத்திருந்தேன். அது இடம் மாறி என் மேல் விழுந்தபோது, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, வெயிலில் நிற்பதுபோல் இதமாக இருந்தது.

அந்த இதம் அதிக நேரம் நிற்கவில்லை. அவர் என்னை இவ்வளவு பார்த்திருக்கிறார். அதை எனக்கு ஒரு தடவை காட்டியிருக்கலாம். சமையலறை வாசலிலிருந்து எழுந்து வந்து, 'பாரு, நீ இப்படித்தான்' என்று இடுப்பை இடித்துக் காட்டியிருந்தால் நான் கரண்டியால் அடித்திருப்பேன், தோள் குலுங்கச் சிரித்திருப்பார், நானும் பார்த்திருப்பேன். அதெல்லாம் இவர்களுக்குப் போனது. எனக்குத் தண்ணீர் சில்லென்று இருந்த செய்தி வந்தது.

"ஆன்ட்டி" என்றாள் டிரெய்னர், கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து. "அப்போ அங்கிள் ஸ்டெப்னு எங்ககிட்ட ஒண்ணுகூட இல்லையா? அவரு வீட்டுல என்னதான் பண்ணுவாரு? ஒண்ணு காட்டுங்களேன். பேரு நாங்க வெச்சுக்கிறோம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். அவரைப் பற்றி இவர்களுக்குத் தெரியாத ஒன்றை இவர்கள் என்னிடம் கேட்கிறார்கள் என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

சுவரோரமாக நகர்ந்தேன். யார் கையும் பிடிக்காமல் அவ்வளவு தூரம் நான் நடந்தது அதுதான் முதல் தடவை. வலது உள்ளங்கையைச் சுவரில் பதித்து, விரல்களை விரித்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்றேன்.

"எந்த லிஃப்ட்ல ஏறினாலும் இப்படித்தான் நிப்பாரு" என்றேன். "துணிக்கடை, ஆஸ்பத்திரி, கல்யாண வீடு, எங்க போனாலும். மெஷின் நல்லா ஓடுதான்னு கையாலயே கேப்பாரு. ஓடலேன்னா நாக்கை 'ட்ச்'சுனு கொட்டுவாரு. அப்புறம் நாங்க படியிலதான் இறங்கணும்."

"அண்ணன் லிஃப்ட்ல ஏறி நாங்க பார்த்ததே இல்லியே" என்றார் பஸ்காரர் மெதுவாக.

"எப்படிப் பார்ப்பீங்க?" என்றேன். அதில் இருந்த மிடுக்கு எனக்கே கேட்டது.

ஒவ்வொருவராகச் சுவருக்கு வந்தார்கள். உள்ளங்கையைப் பதித்தார்கள். "விரலை இன்னும் விரிங்க" என்று திருத்தினேன். "தலை இவ்வளவு சாயாது. கண்ணை மூடக்கூடாது, பாதி மூடணும்." மருந்துக்கடைக்காரிக்கு மட்டும் இரண்டு தடவை திருத்தினேன். ஒரு தடவை போதுமாக இருந்தது. எல்லாரும் சுவரோடு சுவராகக் கை வைத்துத் தலை சாய்த்து நின்றார்கள். சுவருக்குள் எங்கோ தண்ணீர் சுற்றும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் அது லேசாக அதிர்ந்தது. பஸ்காரர் நாக்கை 'ட்ச்' என்று கொட்டினார். சரியாகவே வந்தது.

உடை மாற்றும் அறையில் அவள்தான் மறுபடி என் ஜிப்பை இறக்கிவிட்டாள். பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து, வெட்டிய முடியைத் துண்டால் துவட்டிக்கொண்டே கேட்டாள்.

"வேற அண்ணி? அண்ணன் வேற என்ன பண்ணுவாரு?"

இருந்தது. கடைசி மாதங்களில், கை தூக்க முடியாமல் போன பிறகு, நான் சட்டை மாட்டிவிடும்போது அவர் ஒன்று செய்வார். தலையும் தோளும் சேர்ந்து வரும் சின்ன அசைவு. தண்ணீருக்குள் செய்ய எளிதாகவே இருக்கும். காட்டினால் இவள் இரண்டே நாளில் என்னைவிட நன்றாகச் செய்வாள்.

"அவ்வளவுதான்" என்றேன்.

அவள் துவட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நம்பவில்லை. நான் குனிந்து காலைத் துடைத்துக்கொண்டேன்.

"சரி" என்றாள் கடைசியில். "அடுத்த கிளாஸுக்கு வருவீங்கல்ல?"

"வருவேன்" என்றேன். "ஆனா நான் நிக்கிற இடத்தை யாருக்கும் விட்டுடாதீங்க."